குழலுக்குள் தங்கிய குண்டு: பகுதித் தானியங்கிக் காற்றுத் துப்பாக்கி வாங்கத்தக்கதா?

(நீண்ட பதிவு. பொறுமையுடையோர் வாசித்துக் கருத்துரைக்க வேண்டுகிறேன்.)

சென்ற கோடையில் புத்தலப்பட்டிலிருந்து என் பெரியப்பா மகன் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, நீ படிச்சவன். தோட்டத்துக்கு ஒரு ஏர் கன் வாங்கலாம்னு இருக்கேன். ஒவ்வொரு தடவையும் மடக்கி நிமிர்த்துற பழைய வகை வேண்டாம். விசையை அழுத்த அழுத்தச் சுடுற வகை வந்திருக்காமே, அது நல்லா உழைக்குமா? காசுக்குத் தகுமா?” என்று கேட்டார். அண்ணனுக்கு நான்கு ஏக்கர் மாந்தோப்பு. பெரும்பகுதி தோத்தாபுரி, நம் வழக்கில் கிளிமூக்கு மாங்காய். பெயரிலேயே கிளியைச் சுமந்திருக்கும் அந்தக் காயைக் கிளிகளிடமிருந்து காப்பதுதான் அவருடைய கவலை. குரங்கும் பன்றியும் அடுத்த கவலைகள்.

கேள்வி எளியதாகத் தோன்றியது. விடை தேடப் புகுந்தபோது பொறியியல், சட்டம், வேளாண் பொருளியல் ஆகிய மூன்று துறைகளின் வாசலிலும் நிற்க நேர்ந்தது. என் முடிவை முதலிலேயே கூறிவிடுகிறேன். பகுதித் தானியங்கிக் காற்றுத் துப்பாக்கி பொறியாளர்களின் திறமைக்குச் சான்று. ஆயினும் நம் ஊர்த் தோட்டக்காரருக்கோ, நடுத்தரக் குடும்பத்துக்கோ, துப்பாக்கி சுடுதல் பயில விரும்பும் மாணவருக்கோ அது வாங்கத்தக்க பொருளன்று. காரணங்களை ஒவ்வொன்றாக முன்வைக்கிறேன்.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். காற்றுத் துப்பாக்கியைத் திருவிழாவில் பலூன் சுடும் விளையாட்டுப் பொருளாகவே நாம் அறிந்திருக்கிறோம். காணிப்பாக்கத்து விநாயகர் உற்சவத்தில் அத்தகைய கடையின் முன் நின்று காசை இழக்காத சிறுவர் எங்கள் பக்கத்தில் அரியர். ஆனால் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கி என்பதற்குத் தரும் வரையறை, வெடிமருந்தாலோ வேறு எவ்வகை ஆற்றலாலோ எறிபொருளைச் செலுத்தும் கருவி என்பதே. அழுத்தப்பட்ட காற்றும் ஓர் ஆற்றல் வடிவம்தான். எனவே சட்டத்தின் கண்களில் அது துப்பாக்கியே. சில வரம்புகளுக்கு உட்பட்டவற்றுக்கு உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் அவ்வரம்பைக் குழலின் உள்விட்டம் 0.177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டர் எனவும், குழல்வாயில் குண்டின் ஆற்றல் 20 ஜூல் எனவும் வகுத்துள்ளன. இவற்றைத் தாண்டியவற்றுக்கு உரிமம் வேண்டும். “ஏர் கன்னுக்கு லைசென்ஸே தேவையில்லை” என்று கடைக்காரர் பொத்தாம்பொதுவாகச் சொன்னால், எந்த விட்டம், எத்தனை ஜூல் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

20 ஜூல் என்பது எவ்வளவு? அரை கிராம் எடையுள்ள ஈயக்குண்டு நொடிக்கு ஏறத்தாழ 280 மீட்டர் வேகத்தில் வெளியேறினால் கிடைக்கும் ஆற்றல் அது. ஒலிம்பிக் போட்டியில் பயன்படும் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கியின் ஆற்றல் இதில் பாதிகூட இராது, சுமார் 7.5 ஜூல்தான். எனினும் ஒரு குழந்தையின் கண்ணைப் பறிக்க அந்த 20 ஜூலின் சிறு பங்கே போதும் என்பதை மறந்துவிடலாகாது.

இனிப் பொறியியலுக்கு வருவோம். காற்றுத் துப்பாக்கிகளில் மூவகை உண்டு. முதலாவது வகை, சுருள்வில்லும் உந்துதண்டும் கொண்டது. குழலை மடக்கும்போது நம் கையின் வலிமை வில்லில் சேமிக்கப்படுகிறது. விசையை அழுத்தியதும் வில் விரிந்து காற்றை அழுத்திக் குண்டைத் தள்ளுகிறது. இரண்டாவது, சிறு உருளையில் அடைத்த கார்பன் டை ஆக்சைடால் இயங்குவது. மூன்றாவது, 200 பார் அளவுக்கு முன்கூட்டியே காற்றேற்றிய கலனைத் தன்னுடன் சுமப்பது. முதல் வகையில் ஒவ்வொரு சுடுதலுக்கும் கையே ஆற்றல் தருவதால் அங்குத் தானியக்கத்துக்கு இடமில்லை. எனவே தானே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி என்றால் அது பின்னிரு வகைகளுள் ஒன்றாகவே இருக்கும்.

வெடிமருந்துத் துப்பாக்கியில் தானியக்கத்துக்கான ஆற்றல் மிகுதியாகக் கிடைக்கிறது. வெடிப்பின் சிறு பகுதியைத் திருப்பிவிட்டால் இயந்திரம் வலுவாக முன்பின் நகர்ந்து அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். எஞ்சியதே தோட்டாவுக்குத் தாராளம். காற்றுத் துப்பாக்கியோ கணக்குப் பார்த்துச் செலவிடும் ஏழைக் குடும்பத்தைப் போன்றது. அடுத்த குண்டை ஏற்றும் வேலைக்கு ஒதுக்கும் காற்று, குண்டைத் தள்ளும் காற்றிலிருந்தோ கலனின் இருப்பிலிருந்தோதான் வந்தாக வேண்டும். ஆகவே ஒரே அளவுக் கலனில் தானியங்கி வகை குறைவான முறைகளே சுடும். கலனின் அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் குண்டு வெளியேறும். ஆனால் இயந்திரம் முழுத் தொலைவு பின்னகராமல் பாதி வழியில் நின்றுவிடக்கூடும்.

அடுத்தது குண்டு. வெடிமருந்துத் தோட்டாவுக்குப் பித்தளை உறை உண்டு. அது முரட்டுத்தனமாகத் தள்ளப்படுவதைத் தாங்கும். காற்றுத் துப்பாக்கியின் குண்டோ மென்மையான ஈயம். இடை சிறுத்து, பின்புறம் மெல்லிய பாவாடைபோல் விரிந்தது. அந்தப் பாவாடை விரிந்து குழலின் சுவரோடு ஒட்டினால்தான் காற்று கசியாது. கையால் ஏற்றும்போது குண்டு சற்றுச் சாய்ந்திருந்தால் விரல் உணர்ந்துவிடும். இயந்திரத்துக்கு அவ்வுணர்வு இல்லை. சாய்ந்த குண்டை அது அதே வேகத்தில் தள்ளும், பாவாடை நசுங்கும், குறி பிசகும் அல்லது குண்டு சிக்கிக்கொள்ளும். கோடையில் மெல்லிய செம்மண் தூசு எல்லாவற்றின் மீதும் படியும் எங்கள் ஊரில், உயவுநெய் பூசிய நுண்ணிய உறுப்புகளின் கதியை எண்ணிப் பாருங்கள். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள் தேயும். மாற்றுவதற்கு உதிரிப் பொருளும் பழகிய கைகளும் அருகில் இருக்க வேண்டும். டிராக்டருக்கு ஆயிரம் பேர் உண்டு; இதற்கு எவர்?

கார்பன் டை ஆக்சைடு வகைக்கு வேறொரு தொல்லை. 20 பாகை செல்சியசில் அவ்வாயுவின் ஆவியழுத்தம் சுமார் 57 பார். 0 பாகையில் 35 பார். ஒவ்வொரு முறை சுடும்போதும் உருளைக்குள் இருக்கும் திரவம் ஆவியாகிக் குளிர்கிறது. விரைந்து அடுத்தடுத்துச் சுட்டால் அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும். குண்டும் இலக்கில் கீழே இறங்கிக்கொண்டே போகும். விரைந்து சுடுவதற்காகவே வாங்கிய கருவி, விரைந்து சுடும்போதே குறி தவறுகிறது என்பது இதன் உள்முரண். மறுபுறம், 31 பாகைக்கு மேல் அவ்வாயு திரவமாக நீடிக்க இயலாது. சித்தூர்க் கோடை 40 பாகையைத் தாண்டும். வெயிலில் கிடந்த துப்பாக்கியில் அழுத்தம் மிகுந்து, அடைப்பிதழைத் திறக்கச் சுத்தியலுக்கு வலுவில்லாமல் போவதும் உண்டு.

இவற்றுக்கெல்லாம் தீர்வுகள் இல்லையா எனில், உண்டு. சுவீடனின் எஃப்எக்ஸ் மான்சூன், துருக்கியின் ஹட்சன் புல்மாஸ்டர் போன்றவை உண்மையான பகுதித் தானியங்கிகளே. நன்கு பராமரித்து, தரமான குண்டுகளை மட்டும் இட்டு, அழுத்தத்தைக் கவனித்துப் பயன்படுத்துவோரிடம் இவ்வகைக் கருவிகள் ஒழுங்காக இயங்கும். அதே வேளையில், பகுதித் தானியங்கி என்ற பெயரில் விற்பவை எல்லாம் அவ்வாறு அல்ல. அமெரிக்காவில் பரவலாக விற்பனையான கிராஸ்மன் 1077 பன்னிரண்டு குண்டுகளை அடுத்தடுத்துச் சுடும். ஆனால் அங்குக் குண்டுச் சக்கரத்தைச் சுழற்றுவது வாயு அன்று, விசையை இழுக்கும் நம் விரலே. விசை கனமாக இருக்கும் என்பதைத் தவிர அதில் குறையில்லை. எளிமையே அதன் பலம். ஆகவே ‘நம்பகமானதா’ என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடையில்லை. யார் கையில், எந்த ஊரில், எந்தப் பராமரிப்பில் என்ற மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

வரலாறும் இதையே காட்டுகிறது. ஜிரார்டோனி வடிவமைத்த காற்றுத் துப்பாக்கியை ஆஸ்திரியப் படை 1780 வாக்கில் ஏற்றுக்கொண்டது. பின்கட்டையே காற்றுக்கலன், குழலின் பக்கவாட்டில் இருபது குண்டுகள் கொள்ளும் குழாய். ஒவ்வொரு முறையும் ஒரு சிறு கட்டையை விரலால் தள்ளினால் அடுத்த குண்டு இடத்தில் அமரும். வாய்வழி மருந்து இடித்துச் சுட்ட காலத்தில் இது வியப்பூட்டும் வேகம். ஆனால் கலனை நிரப்ப ஏறத்தாழ 1,500 முறை கையால் பம்பு அடிக்க வேண்டும், கலன்கள் கசிந்தன, பயிற்சி பெற்ற வீரரும் பழுது பார்ப்போரும் எப்போதும் தேவைப்பட்டனர். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குள் அது படையிலிருந்து மறைந்தது.

இவ்வகைத் துப்பாக்கி ஒன்றை அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குப் பயணம் சென்ற மெரிவெதர் லூயிஸ் உடன் கொண்டுசென்றார் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 1803 ஆகஸ்டு 30 அன்று, பயணத்தின் முதல் நாள் குறிப்பிலேயே அவர் ஒரு விபத்தைப் பதிவு செய்திருக்கிறார். துப்பாக்கியை இயக்கிக் காட்டிய பின், அதைக் கையாளப் பழகாத ஒருவரிடம் கொடுத்தார். அது தற்செயலாகச் சுட்டுவிட்டது. சுமார் நாற்பது கெஜம் தள்ளி நின்ற ஒரு பெண்ணின் தொப்பியைத் துளைத்து நெற்றிப்பொட்டைக் கீறிச் சென்றது குண்டு. இறந்துவிட்டாள் என்றே எல்லாரும் அஞ்சினர்; நல்வாய்ப்பாகப் பிழைத்தாள். இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் குறிப்பை அண்மையில் வாசித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. காரணம், எங்கள் தோட்டத்திலேயே அதற்கு ஈடான ஒன்று நிகழ்ந்திருந்தது.

அண்ணன் வாங்குமுன் பார்த்துவிடலாம் என்று தெரிந்தவர் ஒருவரின் துப்பாக்கியை ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்திருந்தார். அட்டைப் பெட்டியில் வட்டம் வரைந்து சுட்டோம். முதல் மேகசின் அழகாக முடிந்தது. இரண்டாவதில் ஏழாவதோ எட்டாவதோ சுடும்போது இயந்திரம் நடுவழியில் நின்றது. மேகசினைக் கழற்றினோம், எஞ்சிய குண்டுகள் அதில் இருந்தன. இயந்திரத்தைக் கையால் முன்னே தள்ளிச் சரிசெய்தோம். துப்பாக்கி காலி என்று மூவரும் நம்பினோம். உறுதிப்படுத்துவதற்காக அண்ணன் மாட்டுக்கொட்டகைப் பக்கம் தாழ்த்திப் பிடித்து விசையை அழுத்தினார். தகரத்தில் ‘டக்’கென்று ஓர் ஒலி. சிக்கிய குண்டு மேகசினில் இல்லை. குழலின் வாயிலில் தங்கியிருந்தது. எங்கள் கைதான் அதை உள்ளே தள்ளியது. அந்தக் கொட்டகைத் தகரத்தின் அருகிலிருந்து அண்ணன் மகள் சாணக்கூடையோடு அப்பால் போய் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நெடுநேரம் யாரும் பேசவில்லை. அண்ணி மட்டும் ஒருமுறை வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

பிழை எங்களுடையது, துப்பாக்கியின் மீது பழி சுமத்தவில்லை. குழலைக் காலியென்று கண்ணால் கண்ட பின்னரே நம்ப வேண்டும் என்பது பாலபாடம். ஆனால் அன்று நம்பகத்தன்மை என்ற சொல்லின் மறுபாதி எனக்குப் புலப்பட்டது. வேண்டும்போது சுடுவது நம்பகத்தின் ஒரு பாதி. வேண்டாதபோது சுடாமல் இருப்பது மறுபாதி. விற்பவர் பேசுவது முதல் பாதியை மட்டுமே. மடக்கும் வகையில் குழலைத் திறந்தால் உள்ளே ஒளி தெரியும், ஐயத்துக்கு இடமில்லை. ஒருமுறை சுட்ட பின் அது வெறும் இரும்பு. மீண்டும் ஆயுதமாக ஒருவர் முயன்று மடக்க வேண்டும். தானியங்கியோ சுட்ட மறுகணமே மீண்டும் ஆயுதமாகிவிடுகிறது. நம் ஒப்புதலைக் கேட்காமலே அடுத்ததற்கு ஆயத்தமாகும் கருவியைக் குழந்தைகளும் மாடுகளும் கூலியாட்களும் நடமாடும் தோட்டத்தில் வைத்திருப்பது பற்றியதே இந்தக் கேள்வி.

விலைக்குத் தகுமா என்ற இரண்டாம் பாதிக்கு வருகிறேன். அண்ணனிடம் சொல்லப்பட்ட விலை, காற்றேற்றும் பம்பு முதலியவற்றோடு சேர்த்து 60,000 ரூபாய். 2025 பருவத்தில் தோத்தாபுரிக்கு ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாயும், அரசு மானியமாக 4 ரூபாயும் என 12 ரூபாய் அறிவிக்கப்பட்டதை அறிவீர்கள். அந்த விலை முழுமையாகக் கைக்கு வந்தது என்றே வைத்துக்கொண்டாலும், துப்பாக்கியின் விலை ஐந்து டன் மாங்காய். ஐந்து டன் காயைக் கிளிகளிடமிருந்து அது மீட்டுத் தருமா?

தராது, ஏனெனில் அது செய்யக்கூடிய பணி எதுவும் அங்கில்லை. கிளியை ஓட்டுவதற்குப் பேரொலி வேண்டும். காற்றுத் துப்பாக்கியின் ஒலி ஒரு பட்டாசுக்கு ஈடாகாது. கிளியைக் கொல்லலாமா என்றால், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் குற்றமாக்குகிறது. 2022 திருத்தத்துக்குப் பின் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. காட்டுப்பன்றியோ 20 ஜூல் குண்டால் சாவதில்லை. காயப்பட்டுச் சீழ் பிடித்து அலையும், அல்லது சுட்டவர் மீதே பாயும். பயிரை அழிக்கும் விலங்கின் மீது நடவடிக்கை வேண்டுமெனில் சட்டத்தின் 11ஆம் பிரிவு தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வழியைக் காட்டுகிறது. அது தனியாள் தன் கையில் எடுக்கும் அதிகாரமன்று. ஆக, ஓட்டுவதற்குச் சத்தம் போதாது. கொல்வதற்குச் சட்டம் இடம் தராது.

தினைப்புனம் காத்த நம் முன்னோர் இதைத் தெளிவாகப் புரிந்திருந்தனர். சங்க இலக்கியத்தின் குறிஞ்சி மகளிர் பரண் மீதிருந்து கிளி ஓட்டக் கையாண்டவை தட்டை, குளிர், தழல் என்னும் ஒலிக்கருவிகளும் கவணும். காவலின் நோக்கம் பறவையை அகற்றுவதே; அழிப்பதன்று. ஒலிக்கருவிக்குப் பழுது பார்ப்பவர் தேவையில்லை; தவறுதலாகப் பட்டால் எவருக்கும் கண் போவதில்லை. வலை, மின்னும் நாடா, காய்க்கு உறை, முறைவைத்துக் காவல் என்று இன்று நமக்கிருக்கும் வழிகள் அந்த மரபின் தொடர்ச்சியே. அவற்றிலும் குறைகள் உண்டு. கிளிகள் நாடாவுக்குப் பழகிவிடும், கூலி கட்டுப்படியாகாது. ஆயினும் 60,000 ரூபாயை அவற்றில் செலவிட்டால் கிடைக்கும் பயன் துப்பாக்கி தருவதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

விளையாட்டு என்ற காரணம் எஞ்சுகிறது. அண்ணன் மகளுக்குத் துப்பாக்கி சுடுதலில் ஆர்வம் உண்டு. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், 2012 இலண்டனில் ககன் நாரங் வெண்கலம் வென்றதும் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கியில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அரங்கில் ஒளிர்வதும் அதே பிரிவில். அங்கே ஒவ்வொரு குண்டையும் வீரர் தம் கையால் ஏற்றுகிறார். பத்துப் புள்ளிக்கான மையம் அரை மில்லிமீட்டர், அறுபது குண்டுகள், ஒவ்வொன்றுக்கும் மூச்சை அடக்கி, மனத்தை ஒருமுகப்படுத்தி, மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பயிற்சிக்குத் தானியங்கி உதவாது, பகையே. அடுத்த குண்டு ஆயத்தமாக இருக்கிறது என்ற எண்ணமே இந்தக் குண்டின் மீதான கவனத்தைக் கெடுக்கும். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் பயிற்சிக்கூடத்துக்குக் கட்டணமாகச் செலுத்தினால் அவள் மேற்பார்வையுடன் முறையாகக் கற்பாள்.

மறுதரப்பின் வலுவான வாதங்களையும் சொல்லிவிடுகிறேன். களஞ்சியத்தில் எலி வேட்டையாடுவோர், முதல் குண்டு பிசகினால் உடனே இரண்டாவதைச் சுட்டு விலங்கின் வேதனையை முடிக்கலாம் என்கின்றனர். தோளில் வலுவற்ற முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் கடினமான வில்லை மடக்காமல் இலக்கு சுடும் இன்பத்தைப் பெறலாம் என்கின்றனர். இரண்டையும் மதிக்கிறேன். சுற்றுமதிலும் குண்டைத் தடுக்கும் பின்தடுப்பும் உள்ள இடத்தில், பயின்றவர் கையில், பொழுதுபோக்குக்காக ஒருவர் அதை விரும்பினால் அது அவர் உரிமை. சட்ட வரம்புக்குள் வருகிறதா என்பதை மட்டும் வாங்குமுன் எழுத்துவடிவில் உறுதிசெய்துகொள்ளட்டும். ஆனால் அது பொழுதுபோக்கின் நியாயம். தோட்டக் காவலின் நியாயமன்று.

இங்கே அருணாசலப் பிரதேசத்தை நினைவுகூர்வது பொருந்தும். வேட்டையை வாழ்வின் ஒரு பகுதியாகக் கொண்ட மக்கள் வாழும் மாநிலம் அது. 2021இல் அன்றைய வனத்துறை அமைச்சர் மாமா நாதுங் லும்துங் என்னும் சிற்றூரில் காற்றுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். சட்டத்தின் மிரட்டலால் அன்றி, பறவையொலி குறைந்துவிட்டது என்ற உணர்வால் மக்கள் தாமாக முன்வந்து ஆயிரக்கணக்கில் ஒப்படைத்தனர். அவை பெரும்பாலும் எளிய, ஒற்றைக் குண்டு வகைகளே. அவையே காடுகளை மௌனமாக்கப் போதுமானவையாக இருந்தன என்றால், விரலசைவில் பத்துக் குண்டு பொழியும் கருவி ஊர்தோறும் பரவினால் என்ன நேரும் என்று நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அண்ணன் வாங்கவில்லை. என் ஆய்வுரையால் அல்ல. கொட்டகைத் தகரத்தில் விழுந்த பள்ளத்தால். அதை மாற்றவும் இல்லை, அப்படியே விட்டிருக்கிறார். இந்த ஆண்டு இரு மரவரிசைகளுக்கு மட்டும் வலை போட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். கிளிகள் மற்ற வரிசைகளுக்கு வரத்தான் செய்யும்.

பொறியியல் பயிலும் நண்பர்கள் என் விளக்கங்களில் பிழை கண்டால் திருத்துங்கள். சட்டம் பயில்வோர் விதிகள் பற்றிய என் வாசிப்பைச் சோதியுங்கள். வேளாண் துறை மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சிறு மாந்தோப்புகளில் பறவை ஓட்டும் முறைகளின் செலவையும் பயனையும் ஒப்பிட்டு எவரேனும் ஆய்வேடு எழுதுங்கள். படித்தவன் என்று நம்பி ஊரிலிருந்து அழைப்போருக்கு, “வாங்காதே” என்பதற்கு மேலும் சொல்ல நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும்.